பதினொரு தோசை

ராசா,

என் பழைய நாடக நோட்டு இந்தக் கடிதத்தோடு கூரியரில் வந்து சேரும். அதில் நாலு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று சொன்னாய். எடுத்தேன். எடுத்த பிறகு அனுப்ப மனம் வராமல் மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்து மேடை சும்மாதான் கிடக்கும், அதில் அப்பாவின் பழைய நாடகத்திலிருந்து தோசை சீனைப் போடப் போகிறேன், அதுதான் அப்பாவுக்கு என் பரிசு என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் சொன்னால் 'சரிப்பா, விடுங்கப்பா' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். ஏன் என்று உனக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த சீனில் தோசை தின்னும் கிடைக்காரர் நான் கற்பனை செய்த ஆள் இல்லை. அவர் சுடலைமுத்து. சின்ன வயதில் நீ 'ஆட்டு மாமா' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுவாயே, அவரேதான். நாகலாபுரத்துப் பக்கம் நமக்கு இருந்த துண்டுக் கரிசலில் கோடைக்குக் கோடை அவருடைய ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். ஆட்டுப் புழுக்கையில்தான் அந்த வருஷத்து உளுந்தும் பாசியும் விளையும். நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக நம் வீட்டில் அவர் கை நனைத்ததில்லை. உன் கல்யாணப் பந்தியிலாவது அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு மிச்சமிருக்கிற ஆசை அது ஒன்றுதான். நீ அந்த சீனைப் போட்டால் அது நடக்காது.

நான் வசனம் எழுதக் கற்றுக்கொண்டது நம் பலசரக்குக் கடைக் கல்லாவில். அங்கே உட்கார்ந்தவனுக்கு ஊரே வந்து பேசிக் காட்டிவிட்டுப் போகும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டம்மா காரிலிருந்து இறங்காமலே 'துவரம்பருப்பு' என்பார். அவ்வளவுதான். எத்தனை கிலோ, எந்த ரகம், வீட்டுக்கு அனுப்பவா, காரில் வைக்கவா, எல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. அதே ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண் வருவாள். "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு வேணும். காலே காலுதான். ஊர்லருந்து மாமா வந்திருக்காவ, அதான் கேக்கேன்" என்பாள். பருப்பு வாங்குவதற்குக் கூட அவளுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் ஒருவர் வருவார், வாயைத் திறந்தால் அச்சுத் தமிழ்தான். பஸ் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டால் மட்டும் "ஏலே, சட்டுன்னு கட்டுலே" என்று பிறந்த ஊருக்குத் திரும்பிவிடுவார். புதிதாக லாரி வாங்கினவர் ஒருவர் ப்ளீஸ், ப்ளீஸ் என்று சொல்லியே என்னை மிரட்டுவார். இதையெல்லாம் சாமான் கட்டும் தாளில் கிறுக்கி வைத்துக்கொள்வேன். ஒருவன் உடுத்தியிருப்பதைப் பார்த்து ஏமாந்து போகலாம். அவன் கேட்கிற விதத்தை வைத்து, வாழ்க்கையில் யார் யாருக்கு முன்னால் நின்றிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

எங்கள் தெரு அம்மன் கோயில் பொங்கலுக்கு வருஷா வருஷம் ஒரு நாடகம் உண்டு. அழுகைக் கதையை வேறொருவர் எழுதுவார். நடுநடுவே வருகிற சிரிப்புப் பகுதி என் பொறுப்பு. ஒரு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் அவருடைய டிரைவரும் பேசுகிற மாதிரி எழுதினேன். முதலாளி, "என்னப்பா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். டிரைவர், "அய்யா, நேத்து எங்க அப்பா..." என்று தொடங்குவான். "நல்லது, நல்லது. வண்டியத் தொடச்சாச்சா?" "செத்துட்டாருய்யா..." "ரொம்ப சந்தோஷம். சாவியக் குடு." கூட்டம் உடனே சிரிக்கவில்லை. முன்வரிசை நாற்காலியில் நிஜ முதலாளிகள் இருந்தார்கள். மணலில் உட்கார்ந்திருந்த சனம் முழுவதும் அவர்களுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பெரியவர் ஒருவர் தொப்பை குலுங்கச் சிரித்த பிறகுதான் பின்னால் சிரிப்பு வெடித்தது. திரைக்குப் பின்னாலிருந்து நான் அதை ஓட்டை வழியே பார்த்தேன். நம் ஊரில் சிரிப்பதற்குக் கூட ஒரு வரிசை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதைச் சரியாகப் பயன்படுத்தினேன் என்று சொல்ல முடியாது.

தோசைக்கு வருகிறேன். நீ தொட்டிலில் கிடந்த சமயம். ஐப்பசி அடைமழை. ஆடுகளுக்குக் காணை நோய் கண்டு மருந்து வாங்க சுடலைமுத்து கோவில்பட்டிக்கு வந்திருந்தார். ஓடையில் தண்ணீர் போனதால் திரும்பிப் போக பஸ் இல்லை. நம் வீட்டு வாசலில் வந்து நின்றார், முழங்கால் வரைக்கும் கரிசல் சகதி. உன் அம்மா உள்ளே கூப்பிட்டாள். "காலு சகதியா இருக்கு மதினி, இங்கனயே நிக்கேன், மழ வெறிக்கட்டும்" என்றார். அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தாள். காலைக் கழுவிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் வீட்டுக்காரன் என்ற தோரணையில், "ஏ சுடலை, சாப்பிடுதியா?" என்று கேட்டேன். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் அது அப்போது தப்பாகத் தோன்றவில்லை. "இப்பத்தான் சாப்பிட்டேன் அண்ணாச்சி, வயிறு தும்முன்னு இருக்கு" என்றார்.

உன் அம்மா அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்து, "கை கழுவுங்க" என்று மட்டும் சொன்னாள். தட்டில் முதல் தோசை விழுந்தது. தின்னத் தின்ன ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கல்லில் தோசை இல்லாத நேரத்தில்கூடச் சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர அவர் தட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உள் அறை வாசலில் உன் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு தோசைக்கும் "போதும் மதினி, போதும்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னதையும், அந்தப் போதும் வரவர மெலிந்துகொண்டே போனதையும் கேட்டேன். பாவம், முந்தின நாளிலிருந்தே சாப்பிட்டிருக்க மாட்டார் என்றுதான் எவனுக்கும் தோன்ற வேண்டும். எனக்கு இது மேடையில் எடுபடும் என்று தோன்றிற்று.

எழுதினேன். எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் அதில் இறக்கினேன். கிடைக்காரர் ஒரு வீட்டுக்கு வருகிறார். "இப்பத்தான் சாப்பிட்டேன், வயிறு தும்முன்னு இருக்கு" என்கிறார். தோசை விழுகிறது. தின்கிறார். மறுபடியும் "இப்பத்தான் சாப்பிட்டேன்." மறுபடியும் தோசை. அதே நோட்டில் பத்துப் பக்கம் முன்னால் பார். தன் ஆபீஸ் மேஸ்திரி வீட்டு விசேஷத்துக்கு முதலாளி வருகிற சீன் இருக்கும். அங்கே அவரும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்கிறார். மேஸ்திரி குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சுகிறது. அவர் வடையில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போடுகிறார். மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிடுகிறது. அதே வசனம்தான் ராசா, ஒரு எழுத்து மாறவில்லை. முதலாளி சொன்னால் அது பெரிய மனுஷத்தனம். கிடைக்காரர் சொன்னால் வேடிக்கை. எழுதியவன் நான். இரண்டும் என் கையெழுத்து. பத்துப் பக்கத்துக்குள் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. பசித்தவனும் மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்லுவான், அந்த மரியாதைக்கு அவனுக்கும் உரிமை உண்டு என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

ஒத்திகை நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடோனில். மருந்து வாடையும் மரக்குச்சி வாடையும் கலந்த அந்தக் குடோனில் நாங்கள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் மனசு அந்தப் பக்கம் போய்விடுகிறது. பொய் சொல்ல மாட்டேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் குறைச்சல். கிடைக்காரராக நடித்தவர் நம் தெருத் தையல்காரர். அவருக்குச் சுடலைமுத்து துண்டை எப்படி இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவார், உட்காருவதற்கு முன்னால் கொப்பு வளைக்கும் தொரட்டிக் கம்பை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பார், போதும் என்று சொல்லும்போது எந்தக் கையைத் தூக்குவார் என்றெல்லாம் நான் நடந்து நடந்து காட்டினேன். தையல்காரர் அப்படியே பிடித்துக்கொண்டார். ஆளைப் பார்த்ததும் யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

நாடகத்தன்று தையல்காரர் தொரட்டியோடு மேடை ஏறினதுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. இந்தத் தடவை யாரும் முன்வரிசைப் பிடரியைப் பார்க்கவில்லை. நாற்காலியும் பெஞ்சும் மணலும் ஒரே நேரத்தில் சிரித்தன. யாரிடமும் உத்தரவு வாங்கத் தேவையில்லாத சிரிப்பு அது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், பெருமைதான் வந்தது. மூன்றாவது தோசைக்கு யாரோ ஒருவன் "மூணு" என்று கத்தினான். அவ்வளவுதான். நாலு, அஞ்சு, ஆறு என்று கூட்டமே சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. பதினொன்று என்று முடித்தபோது விசில் பறந்தது. சுடலைமுத்து கடைசியில், பெண்டாட்டியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். நம் நாடகம் என்று அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எல்லோரையும் விடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். அந்த ஓட்டை வழியே அதையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து அடுப்படியில் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "என் வீட்டுல தின்ன சோத்த மேடையில வச்சி எண்ண விட்டுட்டியளே." நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள், ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் கமிட்டிக்காரர்கள் எத்தனையோ தடவை வந்து கேட்டும் நான் எழுதவில்லை. கடையில் வேலை ஒழியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொல்லி வளர்த்திருக்கிறேன்.

அடுத்த கோடைக்கு வழக்கம் போல நம் நிலத்தில் கிடை விழுந்தது. கிடை போடுகிறவருக்கு நிலத்துக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்குச்சட்டியோடு போனாள். "கொண்டாந்திருக்கேன் மதினி" என்று சுடலைமுத்து தன் தூக்குச்சட்டியைத் தூக்கிக் காட்டினார். கோபம் இல்லை. முகத்தைத் திருப்பவில்லை. உன்னை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு குட்டிகளைக் காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் நம் வீட்டுக்கு வருகிறபோது 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. எப்போதும் கையில் ஒரு தூக்குச்சட்டி. நாலு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா போனபோது மூன்று நாள் நம் வாசலிலேயே கிடந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். பந்தல் போட்டதும் நாற்காலி எடுத்து வைத்ததும் அவர்தான். மத்தியானம் ஆனால் காணாமல் போவார். எங்கே போகிறார் என்று நீ ஒரு தடவை கேட்டாய். ரயில்வே கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றுவிட்டு வந்தார். எனக்குத் தெரியும். உன்னிடம் தெரியாது என்றேன்.

உன் நாடகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் சென்னையில் உன் குழு போட்டதைப் பார்க்கக் கூட்டிப் போனாய். அதில் ஒரு வாட்ச்மேன் வருகிறான். நம் பக்கத்துப் பேச்சு பேசுகிறான். "வாரேன் சார், போறேன் சார், அவிய இல்ல சார்" என்று அவன் வாயைத் திறந்தாலே சிரிப்புதான். அவன் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை, பேசினான், அவ்வளவுதான். குளிர் அரங்கத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். இடைவேளையில் அவர் என்னிடம் ஏதோ கேட்டபோது, நான் வாத்தியார் மாதிரி அச்சுத் தமிழில் பதில் சொன்னேன். அறுபத்தாறு வயதில் என் பேச்சுக்கு நானே பயந்தேன். அன்று ராத்திரி உன் அடுக்குமாடி வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "அய்யா நம்ம பக்கமா? பேச்சு காட்டுதே" என்று ஆசையாகக் கேட்டான். கயத்தாற்றுக்காரனாம். அவனோடு நின்று கால் மணி நேரம் பேசினேன். உன்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நீ சந்தோஷமாக இருந்ததால் சொல்லாமல் விட்டேன். யாரைச் சிரிக்க வைக்கிறோம் என்று மட்டும் பார்க்கப் பழகிய கை உன்னுடையது, என் கைதான் அது. யாரை வைத்துச் சிரிக்க வைக்கிறோம் என்றும் பார்.

போன புதன்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையோடு சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். விடியற்காலை காப்பியோடு பஸ் ஏறியவன், பாதையில் பஸ் பழுதாகி, இறங்கி நடந்து போய்ச் சேரும்போது உச்சி வெயில். முழங்கால் வலி தனி. இப்போது அவருக்குக் கான்கிரீட் வீடு, மகன் வேன் ஓட்டுகிறான், பத்துப் பதினைந்து ஆடுகள் மட்டும் வேம்படியில் நிற்கின்றன. "வாங்க அண்ணாச்சி, இந்த நெழல்ல உக்காருங்க" என்று நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "தம்பி நாடகம் போடுதாராமே? பேரன் போன்ல காட்டுனான், தோசை நாடகம்னு" என்றார். உன் நண்பர்கள் போட்ட அறிவிப்பு வீடியோ அங்கே வரைக்கும் போயிருக்கிறது. அவரே சொன்னார்: "நல்லாப் போடச் சொல்லுங்க. கல்யாண வீட்டுல சனங்க சிரிக்கணும்லா." திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டம்மா வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி சாப்பிடுதியளா? கம்மங்கஞ்சியும் கருவாட்டுக் கொழம்பும்தான் இருக்கு" என்று கேட்டார். குழம்பு வாசனை அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குடல் சுருண்டு போய்க் கிடந்தது. என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சுடலைமுத்து காதிலும் விழுந்தது. எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்தார். என் பக்கத்தில் வைத்து, "கை கழுவுங்க அண்ணாச்சி" என்றார். கழுவினேன். வட்டிலில் கஞ்சி வந்தது. குடித்தேன், மறுபடியும் வந்தது, போதும் என்றேன், மறுபடியும் குடித்தேன். அவர் நான் சாப்பிட்டு முடிகிறவரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த குழையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். என் வட்டில் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கருவாட்டுக் குழம்பின் காரம் என்று சமாளித்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு நான் எழுதுனது தப்பு. அந்தப் பதினொரு தோசை..." என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் தையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்த அதே கை.

"பதினொண்ணு இல்ல அண்ணாச்சி, ஒம்போது."

"பதினொண்ணுல்லா?" என்றேன்.

"சனம் சிரிக்கதுக்காக நீங்க ரெண்டு கூட்டிட்டிய. எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டேதான தின்னேன். மதினி வைக்கத நிறுத்த மாட்டேங்காவ. எந்திரிக்க வெக்கமா இருக்கு, தின்னவும் வெக்கமா இருக்கு. பசி கேக்கல" என்றார். சொல்லிவிட்டு, "பழைய கத. விடுங்க" என்றார். கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவதாகவும் வாழைமரம் கட்டுகிற வேலையைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். "பந்தியில உக்காந்து சாப்பிடணும் அண்ணாச்சி" என்றேன். "பாப்போம்" என்றார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

இருபத்தெட்டு வருஷமாக எனக்குள் பதினொன்று என்றுதான் இருந்தது, ராசா. சத்தியமாக என் கண்ணால் எண்ணியது பதினொன்று என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்காகக் கூட்டியது எப்போது எனக்கே நிஜமாயிற்று என்று தெரியவில்லை. அவர் மட்டும் சரியான கணக்கை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தூக்குச்சட்டியோடு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

நோட்டில் அந்த நாலு பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. நான் எழுதியதுதானே, நீ படிக்க வேண்டும். மேடையில் வேண்டாம். அன்றைக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் முதலாளியும் டிரைவரும் பேசுகிற சீனைப் போடு. பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். அந்த முதலாளியின் பேரன்களும் கல்யாணத்துக்கு வருவார்கள். சிரித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நாற்காலியில் இருப்பவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. டிரைவர் வேஷத்துக்கு ஆள் குறைந்தால் நான் இருக்கிறேன், வசனம் முழுவதும் இன்னும் மனப்பாடம்.

இனி நீ எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தாலி கட்டி முடிந்ததும் சனமெல்லாம் உன்னைச் சூழ்ந்து நிற்கும். அந்த நேரம் சுடலைமுத்து மொய் எழுதிவிட்டு மண்டபத்து வாசலை நோக்கி நடப்பார், எனக்குத் தெரியும். கையில் தூக்குச்சட்டி இருக்கும். நீ மேடையை விட்டு இறங்கி, மருமகளையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்து வா. சாப்பிடுகிறீர்களா மாமா என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் வேண்டாம் என்று சொல்லுகிறவர் அவர், அதுதான் அவர் மரியாதை. ஒன்றும் கேட்காமல் உட்கார வைத்து, கை கழுவத் தண்ணீரை நீயே ஊற்று. முதல் கை நீயே பரிமாறு. பரிமாறிவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடாதே, பக்கத்திலேயே நில். ஆனால் இலையைப் பார்க்காதே. வாசலையோ வாழைமரத்தையோ பார்த்துக்கொண்டு நில்.

உன் அம்மா அப்படித்தான் நின்றாள்.

அப்பா